படகுப் பெட்டிக்கு ஒரு போர்டா, இரண்டா? உயிர்காக்கும் வேலையையும் மற்ற வேலைகளையும் பிரிப்பது எப்படி

கேள்வி சுருக்கமாக: திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஆட்களை ஏற்றும் 12 வோல்ட் டீசல் படகொன்றுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று செய்ய வேண்டும். எஞ்சின் சூடு, ஒயில் அழுத்தம், படகின் அடியில் சேரும் தண்ணீர், எஞ்சின் அறைப் புகை ஆகியவற்றுக்கு எச்சரிக்கை தேவை. அதோடு ஜிபிஎஸ் வரைபடம், பயணிகள் எண்ணிக்கை, எரிபொருள் கணக்கு, தொலைபேசியில் பார்க்க வைஃபை. எல்லாவற்றையும் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரே போர்டில் போடலாமா? லினக்ஸ் ஓடும் கோர் (சிப்புக்குள் உள்ள செயலி), மைக்ரோகொன்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்) கோர் இரண்டும் சேர்ந்த சிப் எடுப்பதா? இரண்டு தனிப் போர்டா? எச்சரிக்கை அளவுகளைத் தொலைபேசியிலிருந்தே மாற்ற வேண்டும் என்று உரிமையாளர் கேட்கிறார், செய்யலாமா?

பதில்:

இரண்டு தனிப் போர்ட் போடுங்கள். காரணத்தையும் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு போர்டை வாங்கி ஒரே பியூஸிலும் ஒரே மின்வழியிலும் மாட்டினால், ஒரு போர்ட் போட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமற் போய்விடும்.

சிப்பைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் பெட்டியின் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விக்கு விடை எழுதுங்கள். இது சத்தமில்லாமல் நின்றுபோனால் என்ன நடக்கும்? இது பிழையான அளவைக் காட்டினால் என்ன நடக்கும்? வைஃபை நின்றால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. எரிபொருள் கணக்கும் அப்படித்தான். தண்ணீர் எச்சரிக்கை நின்றால், படகு கனக்கத் தொடங்கிய பிறகுதான் படகோட்டிக்குத் தெரியவரும். இந்த இரண்டு ஓரங்களும் சுலபம். நடுவில் நிற்பவைதான் யோசிக்க வைக்கும். ஜிபிஎஸ் வரைபடம் பகல் வெளிச்சத்தில் ஒரு வசதி மட்டுமே, மார்கழி மழையில் கரை மறைந்துவிட்டால் அது வழிகாட்டி. ஆனாலும் அதை உயிர்காக்கும் பக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள். வரைபட மென்பொருள் மிகப் பெரியது. அது நிற்காது என்று உங்களால் காட்டவே முடியாது. அதற்குப் பதிலாகக் காந்தத் திசைகாட்டியும், தன் பற்றரியில் இயங்கும் கையடக்க விஎச்எஃப் ரேடியோவும் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். அவசர அழைப்புக்குரிய 16ஆம் அலைவரிசைக்குப் பெட்டியின் தயவு தேவையில்லை. பயணிகள் எண்ணிக்கை வேறு மாதிரி. அதில் மில்லிசெக்கன் அவசரம் எதுவும் இல்லை. ஆனால் ஏதும் நடந்துவிட்டால் எத்தனை பேரைத் தேடுவது என்பதற்கு அதுதான் விடை. படகோடு சேர்ந்து தண்ணீருக்குள் போகும் போர்டில் மட்டும் அந்த எண் இருந்து பயனில்லை. புறப்படும்போதே அது கரைக்குப் போய்விட வேண்டும், துறையில் தாளிலும் எழுதப்பட வேண்டும்.

அடுத்தது, கோளாறு வந்தால் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பது. உப்புவெளியில் ஒரு ஹோட்டல் ஜெனரேட்டருக்கு இதே பெட்டியைச் செய்தால் விடை எளிது: ஒயில் அழுத்தம் விழுந்தால் எஞ்சினை நிறுத்து. லைட் அணையும், வேறொன்றும் ஆகாது. படகில் அப்படிச் செய்ய முடியாது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கொட்டியாரக் குடாவின் நடுவில் எஞ்சின் தானாக நின்றால், படகு திரும்பி அலைக்கு விலாவைக் கொடுத்து நிற்கும். எஞ்சினைக் காப்பாற்றப்போய் ஆட்களை ஆபத்தில் விட்டதாகிவிடும். ஆகவே ஒயில் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் பெட்டி உரக்கச் சத்தமிட வேண்டும், அவ்வளவுதான். வேகத்தைக் குறைப்பதா, கரைக்கு ஓட்டி எஞ்சினைப் பலிகொடுப்பதா என்பதைப் படகோட்டியே முடிவெடுக்கட்டும். எஞ்சின் அறையில் தீப்பிடித்தால் எரிபொருளை மூடவும் கையால் இழுக்கும் கம்பியே போதும். அது கணினி வழியாகப் போகவேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தும் வயர் எதையும் இந்தப் பெட்டியோடு இணைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

இனி, எல்லாவற்றையும் லினக்ஸில் போடுவது ஏன் பிழை? லினக்ஸ் கெட்டது என்பதற்காக அல்ல. ஐஈசி 61508, ஐஎஸ்ஓ 26262 போன்ற பாதுகாப்புத் தரநூல்கள் எல்லாம் ஒரு விதியில் ஒன்றுபடுகின்றன. முக்கியமான மென்பொருளும் முக்கியமற்ற மென்பொருளும் ஒன்றாக ஓடும்போது, ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது என்று காட்ட முடியாவிட்டால், முழுவதையும் உயர்ந்த தரத்துக்கே எழுத வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் மூலநிரல் 3 கோடி வரிகளுக்கு மேல். அதில் ஒரு சிறு பகுதிதான் உங்கள் போர்டில் ஓடும் என்றாலும், அதையும் உங்களால் சரிபார்க்க முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் எஸ்டி கார்ட் கெட்டால் போர்ட் மறுபடி எழும்பாது. வரைபடச் செயலி நினைவகத்தைத் தின்றுவிட்டால் கேர்னல் ஏதோ ஒரு செயலியைக் கொல்லும். அது உங்கள் எச்சரிக்கைச் செயலியாகவும் இருக்கலாம். உங்கள் படகுக்கு யாரும் இந்தத் தரநூல்களின் சான்றிதழ் கேட்கப் போவதில்லை, ஆனால் அவற்றின் தர்க்கம் அங்கேயும் செல்லும்.

இரண்டு வகைக் கோர்களும் ஒன்றாக உள்ள எஸ்டிஎம்32எம்பி157 வகைச் சிப் கவர்ச்சியானது. இரண்டு கோர்டெக்ஸ் ஏ7 கோர்களில் லினக்ஸ், பக்கத்தில் ஒரு கோர்டெக்ஸ் எம்4. காகிதத்தில் பிரிவு சுத்தமாகத் தெரியும். ஆனால் மின்சாரம், ரீசெட், கடிகாரம் மூன்றும் பொது. சாதாரண அமைப்பில் ஏ7 பக்கம் முதலில் எழும்பி, எம்4க்கான மென்பொருளைத் தானே ஏற்றி ஓடவிடும். அதாவது லினக்ஸ் கார்ட் கெட்ட அன்று எச்சரிக்கையும் இல்லை. இன்னொன்று பலரையும் நாட்கணக்கில் அலையவைப்பது: லினக்ஸ் எழும்பும் கடைசிக் கட்டத்தில், யாரும் உரிமை கோராத கடிகாரங்களை மின்சேமிப்புக்காக அணைத்துவிடும். எம்4 பயன்படுத்தும் ஏடிசியோ (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பாகம்) யூஆர்டியோ (தொடர் தரவு முனை) லினக்ஸின் கண்ணுக்கு உரிமையாளர் இல்லாதது. எழும்பிச் சில செக்கன்கள் நன்றாக ஓடிய சென்சர் வாசிப்பு திடீரென்று செத்துப்போகும், எம்4 நிரலில் ஒரு பிழையும் இருக்காது. டிவைஸ் ட்ரீயில் (எந்த வன்பொருள் யாருக்கு என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) அந்தப் பாகங்களை எம்4க்கு ஒதுக்கி எழுதினால் தீரும். ஆனால் உயிர்காக்கும் பக்கத்தின் நலம் மறுபக்கத்தின் ஒரு கோப்பில் தங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஹைப்பர்வைசர் (ஒரே சிப்பைப் பல இயங்குதளங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) போட்டு நான்கு கோரைப் பங்கிட்டாலும் கேஷும் (செயலிக்கு அருகிலுள்ள சிறு வேக நினைவகம்) நினைவக வழியும் பொதுவாகவே இருக்கும். பக்கத்துக் கோர் படம் வரைய நினைவகத்தை வாரி இழுக்கும்போது உங்கள் கோர் காத்திருக்கும். விமானத்துறை இந்தச் சிக்கலுக்கென்றே 2016இல் காஸ்ட்-32ஏ என்ற தனி ஆவணம் வெளியிட வேண்டியிருந்தது. விமானத்தில் எடையும் இடமும் பொன், அதனால் அவர்கள் அந்தப் பாட்டைப் படுகிறார்கள். படகில் உள்ளங்கையளவு இன்னொரு போர்ட் வைக்க இடம் இருக்கிறது.

எதிர்த் திசையில் இன்னொரு யோசனையும் வரும்: லினக்ஸே வேண்டாம், ஒரே மைக்ரோகொன்ட்ரோலரில் எச்சரிக்கை, திரை, பதிவு எல்லாம் செய்யலாம் என்று. செய்யலாம்தான். ஆனால் நாலு இடத்தில் கால் இடறும்.

நினைவகம் முதலாவது. கோர்டெக்ஸ் எம்4இல் எம்பியு என்ற நினைவகக் காவல் உண்டு, வழக்கமாக 8 வலயம். ஒவ்வொரு வலயத்தின் அளவும் 32 பைட்டில் தொடங்கி இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், தொடக்க முகவரி அந்த அளவால் மீதியின்றி வகுபட வேண்டும். இதை லிங்கர் கோப்பில் (நிரலை நினைவகத்தில் எங்கே வைப்பது என்று சொல்லும் கோப்பு) ஒழுங்காக வைத்தாலும், எம்பியு பார்ப்பது செயலியின் வாசிப்பையும் எழுத்தையும் மட்டுமே. செயலியைத் தாண்டி நினைவகத்துக்குள் நேரே தரவு நகர்த்தும் டிஎம்ஏ வன்பொருள் அதன் கண்ணில் படாது. திரைக்குப் படம் அனுப்பும் நிரல் டிஎம்ஏவுக்குப் பிழையான முகவரி கொடுத்தால், ஒயில் அழுத்த எல்லையின் மேலேயே எழுதிவிட்டுப் போகும்.

நிரலைத் தாங்கும் நிலையான நினைவகமான பிளாஷ் இரண்டாவது. எஸ்டிஎம்32எஃப்4 வகையில், பிளாஷ் ஒரே தொகுதியாக (ஒற்றை வங்கி) உள்ள சிப்பின் 128 கிலோபைட் பகுதியை அழிக்க 1 முதல் 2 செக்கன் ஆகும். அவ்வளவு நேரமும் பிளாஷிலிருந்து கட்டளை வாசிக்க முடியாமல் செயலி உறைந்து நிற்கும். பதிவுக்கோப்பை உள் பிளாஷில் வைத்தால், பதிவு நிரம்பும் நேரத்தில் எச்சரிக்கை செத்திருக்கும். வோட்ச்டோக் (குறித்த நேரத்துக்குள் நிரல் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் கடிகாரம்) ஒரு செக்கனுக்கு வைக்கப்பட்டிருந்தால் அது வேறு ரீசெட் அடிக்கும். பல நாள் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் மட்டும் காரணமின்றி எழும்பி விழுவதாகத் தோன்றும் பெட்டிகளில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

பூட்டு மூன்றாவது: பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் தொடவிடும் ஏற்பாடு. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலைத் தரவு சேர்க்கும், முன்னுரிமை தாழ்ந்த வேலை ஒரு பூட்டைப் பிடித்திருந்தது, உயர்ந்த வேலை அதற்காகக் காத்திருந்தது, நடுத்தர வேலைகள் புகுந்து தாழ்ந்ததை ஓடவிடாமல் மறித்தன. முன்னுரிமையைக் கடன்கொடுக்கும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கி அதைத் தீர்த்தார்கள். உங்களுக்கு அதைவிட எளிய வழி உண்டு: இரண்டு பக்கத்துக்கும் பொதுப் பூட்டு எதையும் வைக்காதீர்கள். முக்கியப் பக்கம் தன் அளவுகளை ஓர் இடத்தில் எழுதிவிட்டுப் போகட்டும். வாசிப்பவர் முன்னும் பின்னும் ஒரு வரிசை எண்ணைப் பார்த்து, மாறியிருந்தால் மறுபடி வாசிக்கட்டும்.

நேரம்தான் நாலாவது. ஒரு வேலைக்கு அளந்த உச்ச நேரம் ஒன்று, எந்த நிலையிலும் தாண்டாது என்று துணிந்து சொல்லும் நேரம் வேறொன்று. 2007இல் ஸ்டீவ் வெஸ்டல் எழுதிய கட்டுரை இதை அப்படியே கணக்குக்குள் எடுத்தது: ஒரே வேலைக்கு, உறுதியின் அளவைப் பொறுத்து, வெவ்வேறு நேரம். எச்சரிக்கை வேலை 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ஓடுகிறது, அளந்த உச்சம் 2, துணிந்து சொல்லும் உச்சம் 7 என்று வைப்போம். திரை 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, 8 எடுக்கிறது. அளந்தபடி பார்த்தால் 20 வீதமும் 40 வீதமும் சேர்ந்து 60, இடம் இருக்கிறது. துணிந்த கணக்கில் 70உம் 40உம் சேர்ந்து 110, இடமில்லை. பின்வந்தவர்கள் வளர்த்த வழி இது: எச்சரிக்கை 2 மில்லிசெக்கனைத் தாண்டிய கணத்திலேயே திரையை நிறுத்திவிடு. திரை ஒரு நொடி உறைந்தால் பரவாயில்லை, எச்சரிக்கைக்கு அதன் 7 கிடைத்துவிடும். அழகான முறைதான், ஆனால் அதைச் சரியாகச் செய்து சோதிக்கும் உழைப்பு இன்னொரு போர்டின் விலையைவிட அதிகம்.

ஆகவே இரண்டு போர்ட். எச்சரிக்கை வேலைகளைப் பார்க்கும் காவல் போர்டில் ஒரு சிறிய கோர்டெக்ஸ் எம் சிப் போதும். இயங்குதளம் வேண்டாம், 10 மில்லிசெக்கனுக்கு ஒரு சுற்று ஓடும் ஒரே வளையம். காட்சிப் போர்டில் லினக்ஸ், வரைபடம், வைஃபை எல்லாம். இரண்டுக்கும் பற்றரியிலிருந்தே தனித் தனி வயர், தனித் தனி பியூஸ்: காவலுக்கு 1 அம்பியர், காட்சிக்கு 5. பயணி ஒருவர் மாட்டிய பழைய தொலைபேசி சார்ஜர் ஷோர்ட் ஆனால் 5 அம்பியர் பியூஸ் மட்டும் போகும்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது 12 வோல்ட் 6 வரை விழலாம். காவல் போர்டின் உள்ளே வரும் வழியில் ஒரு டயோடும் 2200 மைக்ரோஃபரட் கபாசிட்டரும் வையுங்கள். 50 மில்லி அம்பியர் எடுக்கும் போர்டை 11 வோல்டிலிருந்து 6க்கு இறங்கும்வரை 200 மில்லிசெக்கன் அளவுக்கு அது தாங்கும். மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிசி-டிசி மாற்றி 5 வோல்டிலும் வேலை செய்யும் வகையாக, மேலே 60 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். முன்னால் எஸ்எம்பிஜே28ஏ போன்ற டிவிஎஸ் டயோட் (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலை அடக்கும் பாகம்) ஒன்று போடுங்கள், அது ஏறத்தாழ 45 வோல்டில் பிடித்து நிறுத்தும்.

அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு கணினியை நம்பி இருக்கக்கூடாது. கீழ் மிதவைச் சுவிட்ச் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக நேரே பம்பை ஓட்டட்டும், இரவில் படகு கட்டிக்கிடக்கும்போதும். காவல் போர்ட் பம்பின் மின்னோட்டத்தை அளந்து பார்த்துக்கொண்டிருக்கும். 2 நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓடினாலோ, மணித்தியாலத்தில் ஓடும் தடவைகள் வழக்கத்தைவிடக் கூடினாலோ சத்தமிடும். 10 சென்ரிமீற்றர் மேலே இரண்டாவது மிதவை, எச்சரிக்கைக்கு மட்டும். அதைச் சாதாரண நிலையில் மூடியிருந்து, தண்ணீர் ஏறினால் திறக்கும் வகையாக மாட்டுங்கள். வயர் அறுந்தாலும் அதே எச்சரிக்கை வரும். ஒயில் அழுத்தத்துக்கு 4 முதல் 20 மில்லி அம்பியர் சென்சர் எடுத்து 100 ஓம் தடையில் அளவிடுங்கள். 0.36 வோல்டுக்குக் கீழேயோ 2.1க்கு மேலேயோ வந்தால் அது அழுத்தமல்ல, வயர்க் கோளாறு. எஞ்சினோடு வந்த மீட்டர் சென்சரைப் பங்குபோட வேண்டாம்.

சத்தக்கருவி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாவிச் சுவிட்சுக்குப் பின், தனிப் பியூஸில் இருந்து, ஒரு ரிலேயின் சாதாரணமாக மூடிய முனை வழியாக அதற்கு மின்சாரம் கொடுங்கள். காவல் போர்ட் ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும்வரை அமைதி. போர்ட் செத்தால் ரிலே விழுந்து சத்தம் வரும். ஆனால் சிப்பின் கால் ஒன்று உயர்நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் ரிலே விழாது. அதனால் அந்தக் காலை நேரே டிரான்சிஸ்டருக்குக் கொடுக்காமல் ஒரு கபாசிட்டர் வழியாகக் கொடுத்து, ஒவ்வொரு 10 மில்லிசெக்கன் சுற்றிலும் நிரல் அதைப் புரட்ட வேண்டும். 50 ஹேர்ட்ஸ் அலை வந்துகொண்டிருந்தால்தான் ரிலே நிற்கும். வசதியாக இருக்கிறதென்று இந்த அலையை டைமர் வன்பொருளிடம் விட்டுவிடாதீர்கள், நிரல் செத்த பிறகும் டைமர் அதை ஆட்டிக்கொண்டே இருக்கும். வோட்ச்டோக்கை இன்டரப்டில் (வளையத்தை இடைமறித்துத் தனியே ஓடும் நிரல்) தட்டக்கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். வளையத்தின் கடைசியில், எல்லா வேலையும் தம் கொடியை உயர்த்தியிருந்தால் மட்டும் தட்ட வேண்டும். உள் வோட்ச்டோக் போதாதென்று நினைத்தால் 1.6 செக்கன் டிபிஎஸ்3823 போன்ற வெளிச் சிப் ஒன்று சேருங்கள். காலையில் சாவி திருப்பியதும் ரிலே இழுக்கும்வரை ஒரு கணம் சத்தம் வரும். அதைப் பிழையென்று நீக்கிவிடாதீர்கள், சத்தக்கருவி உயிரோடு இருப்பதற்கு நாளாந்தச் சோதனை அது.

இரண்டு போர்டுக்கும் இடையில் ஒரே ஒரு தரவு வயர், காவலிலிருந்து காட்சிக்கு மட்டும், நடுவில் ஒப்டோகப்ளர் (மின்தொடர்பின்றி ஒளியால் தரவைக் கடத்தும் பாகம்) வைத்து. திரும்பி வரும் வயரே இருக்கக்கூடாது. 115200 வேகத்தில் 12 பைட் செய்தி 1 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல்தான் எடுக்கும், செக்கனுக்குப் 10 தடவை அனுப்பினால் போதும். செய்தியில் ஓடும் எண்ணும் சிஆர்சி-16உம் (செய்தி கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) கட்டாயம். காட்சிப் பக்கம் 500 மில்லிசெக்கனாகப் புதுச் செய்தி காணாவிட்டால் எண்களை அழித்துக் கோடு போட வேண்டும். இணைப்பு அறுந்த பிறகும் 82 பாகை என்று பச்சையில் நிற்கும் திரை, கறுத்துப்போன திரையைவிட ஆபத்தானது. படகோட்டி அதை நம்பிக்கொண்டே போவார். எஞ்சினில் கான் வழி (வாகனக் கருவிகள் தமக்குள் பேசும் தரவு வயர்) இருந்தால் காட்சிப் போர்ட் அதில் கேட்கும் நிலையில் மட்டும் இருக்கட்டும், ஒரு செய்தியும் போடக்கூடாது.

பெட்டி கைவிடப்படுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று உப்பு. வெள்ளீயம் பூசிய செப்பு வயர், ரப்பர் அடைப்புள்ள இணைப்பிகள், போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு (இணைப்பி முனைகளில் பூச்சுப் படாமல் மறைத்துக்கொள்ள வேண்டும்), வயர் பெட்டிக்குள் கீழிருந்து மேலே ஏறும்படி ஒரு தொங்கல். மற்றது பொய் எச்சரிக்கை. ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஒயில் எச்சரிக்கை கத்தினால், ஒரு வாரத்துக்குள் யாரோ சத்தக்கருவியின் வயரை வெட்டிவிடுவார்கள். எஞ்சின் சுற்றத் தொடங்கி 10 செக்கன்வரை அந்த ஒன்றை மட்டும் அடக்குங்கள். அமைதிப் பொத்தான் 60 செக்கனுக்கு மட்டும் அடக்கட்டும், நிரந்தரமாக அடக்கும் வழி இருக்கவேண்டாம்.

சோதனையைத் துறையில் கட்டிவைத்தே செய்யுங்கள். காட்சிப் போர்டின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள், அதன் எஸ்டி கார்டை ஓடும்போதே இழுங்கள், தரவு வயரை நிலத்தோடு ஷோர்ட் செய்யுங்கள். காவல் போர்டின் சுற்று நேரம் இம்மியும் மாறக்கூடாது. அதை அறிய சிப்பின் கால் ஒன்றைச் சுற்றின் தொடக்கத்தில் உயர்த்தி முடிவில் தாழ்த்தி, லொஜிக் அனலைசரில் (மின்குறிகளைப் பதியும் கருவி) ஒரு முழு நாள் பதியுங்கள். உச்சம் 5 மில்லிசெக்கனைத் தாண்டினால் நிரலைக் குறையுங்கள். பிறகு ஒவ்வொரு சென்சர் வயரையும் அறுத்தும் ஷோர்ட் செய்தும் பாருங்கள். பலவீனமான பற்றரியில் எஞ்சினைச் சுற்றுங்கள். கடைசியாகக் காவல் சிப்பை ரீசெட்டிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு மிதவையைக் கையால் தூக்குங்கள். பம்பு ஓட வேண்டும், சத்தம் வர வேண்டும்.

உரிமையாளரின் கேள்விக்கு: தொலைபேசியிலிருந்து எச்சரிக்கை அளவை மாற்ற விடாதீர்கள். 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இருவர் ஜீப் செரோக்கி ஒன்றுக்குள் அதன் பாட்டுப்பெட்டியின் வலை இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்தே நுழைந்தார்கள். அந்தப் பெட்டிக்கும் காரின் கான் வழிக்கும் இடையில் நின்ற சிப்பின் மென்பொருளை மாற்றி எழுதி, பிரேக் வரைக்கும் போனார்கள். 14 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு சிப் நின்றது, ஆனால் அதை மறுபக்கத்திலிருந்து மாற்றி எழுத முடிந்தது, அதுதான் ஓட்டை. உங்கள் படகில் அளவுகளைக் காவல் போர்டின் மூடிக்குள் இருக்கும் தனி யூஆர்ட் முனையில் மடிக்கணினியை மாட்டித்தான் மாற்ற வேண்டும். அதுவும் ஒரு ஜம்பர் (இரண்டு முனைகளை இணைக்கும் சிறு செருகி) போட்டிருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். ஜம்பர் போட்டிருக்கும்வரை சத்தக்கருவி விட்டுவிட்டு ஒலிக்கும்படி எழுதுங்கள், அதைக் கழற்றாமல் படகு துறையை விட்டுப் போகாது.